இரண்டு போன்களும் ஒரு ஜோடிக் கண்ணும்

போட்டோ எடுக்கும்போது அப்பா கண்ணை மூடிக்கொள்வார். எப்போதாவது அல்ல, எப்போதும். அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. குடும்பத்துப் போட்டோக்கள் எல்லாம் அதற்குள்தான். ஏழாம் வகுப்பு விடுமுறையில் ஒருநாள், செய்ய வேறு வேலை இல்லாமல், மகள் அந்த டப்பாவைத் தரையில் கவிழ்த்து எண்ணிப் பார்த்தாள். அப்பா இருக்கும் படங்கள் முப்பத்தொன்று. அவற்றில் முப்பதில் கண் மூடியிருந்தது.

கல்யாணப் படத்தில் அம்மா கேமராவை முறைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் அப்பா பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தவரைப் போல நிம்மதியாக இருந்தார். அண்ணன் பிறந்த புதிதில் எடுத்த படத்தில் குழந்தையும் தூங்குகிறது, தூக்கி வைத்திருப்பவரும் தூங்குகிறார். கடற்கரைக்குப் போனபோது எடுத்ததில் அலை மட்டும்தான் விழித்திருந்தது.

மிச்சமிருந்த ஒரே ஒரு படம் எட்டாம் வகுப்பில் எடுத்தது. எண்ணெய் வழிந்த தலையோடு ஒரு பையன் இரண்டு கண்ணையும் உருட்டி விழித்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, இது யாரு?"

"உங்கப்பாதான்," என்றாள் அம்மா, கையிலிருந்த துணியை உதறிக்கொண்டே. "எனக்கு வாய்ச்சது அதுக்கப்புறம் வந்த மாடல்."

எட்டாம் வகுப்போடு அப்பாவின் படிப்பு நின்றது. பதினாறு வயதில் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தார். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டிக்கு நிற்கும் கால்கள் என்று முப்பத்தெட்டு வருடம் இரும்பை இரும்போடு சேர்த்துவிட்டார். அந்த வட்டாரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் அவர் வைத்த கேட் ஒன்று வழியில் இருக்கும். நின்று, இணைப்பில் நகத்தால் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். வீட்டுக்காரர்கள் வெளியே வந்து "யாருங்க?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர்களுக்கு ஒன்றும் புரியாது.

டப்பாவுக்குள் போகாத கடைசிப் படம் மகளின் போனில் இருந்தது. பட்டமளிப்பு நாளில் எடுத்தது. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே போய், முழுசாகப் படித்து வெளியே வந்த முதல் ஆள் அவள். பாடம் புள்ளியியல். கருப்பு அங்கியில் அவள் சிரிக்க, இஸ்திரி போட்ட சட்டையில் அப்பா கண்ணை மூடி நின்றார். சில சமயம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். அன்றைக்கு அவர் தன்னைப் பார்த்தாரா, இல்லையா? இப்படி ஒரு சந்தேகம் வருவதே சின்னப் புத்தியோ என்று பிறகு தோன்றும். உடனே படத்தைச் சிறிதாக்கிவிடுவாள்.

பட்டம் வாங்கி இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். இடையில் வீட்டிலேயே ஒரு நிரந்தர வேலை கிடைத்திருந்தது. யாருக்கு எந்தப் படிவம் நிரப்ப வேண்டுமானாலும் அவள்தான். "நீதான் படிச்சவளாச்சே" என்பது பணி நியமன உத்தரவு.

அப்படி அவள் நிரப்பியதுதான் அப்பாவின் விண்ணப்பமும்.

தூரத்து ஊர் ஒன்றில் பெரிய தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை நடந்தது. மற்றவர்கள் வைத்த வெல்டிங்கைப் பார்த்து, சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்டு, சரி தப்பு சொல்வதற்கு அனுபவசாலி ஒருவர் வேண்டும் என்றார்கள். மூன்று வருட ஒப்பந்தம். அப்பா நேரில் போய்ப் பரிசோதனையில் தேறிவிட்டார். பத்து குழாய்களை அடுக்கி வைத்து எதில் குறை என்று கேட்டார்களாம். அவர் பதினொன்றாவதாக, அந்தக் குழாய்களைத் தாங்கியிருந்த மேஜையின் காலையும் குறை சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அவருக்கு அந்த வேலையில் ஆசை வந்ததற்கு ஒரே காரணம்தான்.

"நின்னுக்கிட்டே பாக்கற வேலை, பாப்பா. குந்தவே வேணாம்."

முப்பத்தெட்டு வருடம் குந்தியதில் அவருடைய முழங்கால்கள் தனிக்குரலில் பேச ஆரம்பித்திருந்தன. காலையில் அவர் எழுந்திருக்கும்போது பக்கத்து அறையில் கேட்கும். இன்னொரு வருடம் குந்தினால் எழுந்திருப்பது சந்தேகம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கம்பெனியின் இணையதளத்தில் ஒரு போட்டோ ஏற்ற வேண்டும். வெள்ளைப் பின்னணி, வாய் மூடியிருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும். படத்தை ஒரு இயந்திரம்தான் பார்க்கும். ஒரு நாளைக்கு ஐந்து வாய்ப்பு.

புதன்கிழமை ஸ்டுடியோவுக்குப் போனார்கள். ஸ்டுடியோக்காரர் பழைய பழக்கம். அப்பாவைப் பார்த்ததுமே விளக்கை அணைத்துவிட்டார்.

"போன தடவ உங்க அடையாள அட்டைக்கு நான் பேனாவால ரெண்டு கண்ணு வரஞ்சு குடுத்தேன், ஞாபகம் இருக்கா? அப்ப மனுசன் பாத்தான், பாவம்னு முத்திரை குத்தினான். இப்ப மிஷின் பாக்குது. அதுங்கிட்ட நான் எப்படிங்க கெஞ்சுவேன்?"

வீட்டுக்கு வந்ததும்தான் விஷயம் அண்ணன் காதிலும் மாமா காதிலும் விழுந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாக்கெட்டில் கை விட்டார்கள்.

அண்ணன் டைல்ஸ் கடையில் விற்பனையாளன். மாமா, அம்மாவின் தம்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். கல்யாணம் ஆகாதவர், மூன்று வேளையும் சாப்பாடு இந்த வீட்டில்தான். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரே மாதத்தில் புதுப் போன் வாங்கியிருந்தார்கள். அண்ணனுடையது கருப்பு, மாமாவுடையது நீலம். ஒன்றையொன்று விளம்பரத்திலேயே வம்புக்கு இழுக்கும் இரண்டு கம்பெனிகளின் போன்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் சாப்பாட்டின் ருசியைப் பற்றிப் பேசவில்லை.

"மாப்ள, என்னோடது இருநூறு மெகாபிக்சல். உன்னோடது அம்பது. நாலுல ஒரு பங்கு. இதுக்கு மேல என்ன பேச்சு?"

"எண்ணிக்கைய வச்சு என்ன மாமா பண்றது? சென்சார் எவ்ளோ பெருசுன்னு பாக்கணும். நீங்கதான் உங்க வேன்ல முப்பது பிள்ளைங்கள அடைக்கறீங்க. அதனால அது பஸ்ஸாயிடுமா?"

"டேய், வேனப் பத்திப் பேசாத! எண்பது வாட் சார்ஜர்டா. பல் தேய்ச்சு முடிக்கறதுக்குள்ள முழுசா ஏறிடும்."

"உங்களுக்கு இருக்கற பல்லுக்கா? என்னோடது ஏறவே வேணாம் மாமா. ஆறாயிரம் எம்.ஏ.எச். பேட்டரி. இறங்கினாத்தானே ஏத்தணும்?"

"அதான் செங்கல்லு மாதிரி இருக்கு. கடையில டைல்ஸோட சேத்து வித்துடப் போற, பாத்து."

போன் வாங்கிய புதிதில், ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தீர்ப்புச் சொல்லச் சொல்லி இருவரும் மகளிடம் வந்தார்கள். அவளும் உட்கார்ந்து ஒப்பீட்டு அட்டவணை போட்டாள். திரை, வேகம், நினைவகம், எடை, தண்ணீர் பட்டால் தாங்குமா, தூக்கிப் போட்டால் தாங்குமா என்று இருபத்திரண்டு வரிகள். கூட்டிப் பார்த்தால் பதினொன்றுக்குப் பதினொன்று.

"என்னத்தப் படிச்ச நீ?" என்று மாமா மனம் நொந்து கேட்டார். "மூணு வருசம் காலேஜ் போயி, ஒரு ஆளக்கூட ஜெயிக்க வைக்கத் தெரியல."

அந்தக் கேள்வி அவளுக்கும் இருந்தது. ஆனால் மாமா கேட்டபோது சிரிப்புத்தான் வந்தது.

இந்தப் புதன்கிழமை மாலை, இரண்டு போன்களும் நீட்டப்பட்டதும் அப்பா அவற்றை வாங்கிக் கைக்கு ஒன்றாக வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து ஆட்டினார். பிறகு விளிம்பைச் சுற்றி நகத்தால் கோடு இழுத்தார்.

"எல்லாம் பசை. ஒரு இடத்துலகூடப் பத்தவைக்கல."

"மச்சான், அது போன். கேட் இல்ல," என்றார் மாமா.

"சரி, இருக்கட்டும். எது என் மூஞ்சிய ஒழுங்கா எடுக்குதோ அது நல்ல போன். நானே சொல்றேன். அதோட இந்தச் சண்டைய நிறுத்திடணும், சம்மதமா?"

சம்மதம். தோற்றவர் இனிமேல் சாப்பிடும்போது தன் போனைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று முடிவானது.

கதவோரம் நின்றிருந்த அம்மா கேட்டாள், "அப்ப எனக்கு?"

"உனக்கு என்ன?"

"நம்ம ரெண்டு பேரும் சேந்து நின்னு, நீங்க கண்ணத் தொறந்து, ஒரு போட்டோ. இருபத்தெட்டு வருசமா கேக்கறேன்."

"இது முடியட்டும்," என்றார் அப்பா. "உனக்கு ஒண்ணு கடன்."

வியாழக்கிழமை காலை படுக்கையறைக் கதவில் வெள்ளைப் போர்வை தொங்கியது. அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா.

முதலில் அண்ணன். "ஒண்ணு, ரெண்டு, மூணு." மூடிவிட்டார்.

"அப்பா, தொறங்கப்பா!"

"தொறந்துதானடா வச்சிருந்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை. 'ரெண்டு' வரைக்கும் திறந்துதான் இருந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தி மூச்சைப் பிடிக்கும் அந்த நொடியில், கடை ஷட்டர் போல இமை இறங்கிவிடும்.

அடுத்து மாமா. அவருடைய நீலப் போனில் ஒரு வினாடிக்கு முப்பது படம் எடுக்கும் வசதி இருந்தது. எடுத்தார். முப்பதிலும் அப்பா தூங்கினார். படங்களை வேகமாகத் தள்ளிப் பார்த்தால் மூக்கு நுனி அசைவது தெரிந்தது.

"பாத்தியா, ஒரு வினாடில முப்பது! உன் போன்ல முடியுமா?"

"முடியாது மாமா. ஒரே தப்ப முப்பது தடவ பண்ற வசதி என்னோடதுல இல்ல."

ஏதாவது ஒன்று தப்பித்து நுழையாதா என்ற நப்பாசையில் அவள் ஐந்து படங்களை ஏற்றிப் பார்த்தாள். 'கண்கள் மூடியுள்ளன. மீண்டும் முயலவும்' என்று ஐந்து முறை, கொஞ்சமும் கோபப்படாமல், இயந்திரம் சொன்னது.

வெள்ளிக்கிழமை மறைந்திருந்து எடுப்பது என்று முடிவானது. சொன்னால்தானே மூடுகிறார்? மாமா பிரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அப்பா தண்ணீர் எடுக்க வந்து கதவைத் திறந்ததும் பக்கவாட்டில் போனை நீட்டினார். அப்பா "யாரு!" என்று கத்தி, கண்ணை இறுக்கி மூடி, கையிலிருந்த சொம்பால் ஒரு போடு போட்டார். சொம்பு நசுங்கியது. போனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியா மாப்ள, கீறல்கூட இல்ல," என்றார் மாமா, நெற்றியைத் தடவிக்கொண்டே.

அண்ணன் எதிர்வீட்டு மொட்டைமாடிக்குப் போனான். அவனுடைய கருப்புப் போனில் பத்து மடங்கு ஜூம். அப்பா வாசலில் நின்று சட்டையை உதறும்போது அங்கிருந்து எடுத்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் மிகத் துல்லியமாக ஒரு காது இருந்தது. அடுத்த முயற்சியில் எதிர்வீட்டு அம்மாள் வந்து, "தம்பி, யார் வீட்ட எட்டிப் பாக்கற?" என்று கேட்க, "எங்க வீட்டத்தாங்க" என்று அவன் விளக்க, அவர் நம்பாமல் கீழே வரைக்கும் கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் மாமா தன் போனின் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். மூடிய கண்ணைத் தானே திறந்து கொடுக்கும் ஒரு வசதி. போனில் உள்ள மற்ற படங்களிலிருந்து அதே ஆளின் திறந்த கண்ணைத் தேடி எடுத்துப் பொருத்திவிடுமாம். மாமா பொத்தானை அமுக்கினார். ஒரு வட்டம் சுற்றியது. அப்பாவின் திறந்த கண் அதில் எங்குமே இல்லாததால் போன் கொஞ்சம் யோசித்தது. பிறகு, அதே வீட்டில் அதே மாதிரி அடிக்கடி தென்படும் இன்னொரு முகத்திலிருந்து இரவல் வாங்கிக் கொடுத்தது.

படத்தைப் பார்க்க நான்கு பேரும் தலையை முட்டிக்கொண்டு குனிந்தார்கள். அப்பாவின் நெற்றி, அப்பாவின் மீசை, நடுவில் மை தீட்டிய அம்மாவின் இரண்டு பெரிய கண்கள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு."

"அக்கா, அது உன் கண்ணுக்கா!"

"தெரியுதுடா. ஒரு தடவையாவது என் கண்ணால இந்த வீட்டப் பாக்கட்டும். எந்த மூலையில எவ்ளோ அழுக்கு இருக்குன்னு தெரியும்."

மகள் அதை ஏற்றினாள். வட்டம் சுற்றியது. 'கண்கள் திறந்துள்ளன. சமர்ப்பிக்கலாம்.'

பச்சைப் பொத்தான் திரையில் மின்னியது. அவள் விரல் அதன் மேல் நின்றது. இயந்திரமே சரி என்கிறது. முழங்கால் பிழைக்கும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? அப்படிக் கேட்டுக்கொண்டபோதே, இப்படிக் கேட்கத்தான் தனக்குப் படிப்பு உதவுகிறதோ என்றும் தோன்றியது.

"வேணாம் பாப்பா," என்றார் அப்பா.

"ஏங்கப்பா? ஏத்துக்கிச்சே."

"அங்க கேட்டுலயும் தினம் மூஞ்சியப் பாத்துத்தான் உள்ள விடுவானாம். தினமும் உங்கம்மா கண்ண இரவல் வாங்கிட்டா போவேன்?" நாற்காலியிலிருந்து எழுந்தார். முழங்கால் தன் கருத்தைச் சொன்னது. "அதுவும் போக, ஊரான் வச்ச ஒட்டப் பாத்து இது சரி, இது தப்புன்னு சொல்ற வேலை அது. ஒட்டுப்போட்ட கண்ணோட போயி நின்னா நல்லாவா இருக்கும்?"

அவள் பொத்தானைத் தொடாமல் பக்கத்தை மூடினாள். மாமா மட்டும் அந்தப் படத்தை அழிக்காமல் வைத்துக்கொண்டார். "என்ன இருந்தாலும் ஏத்துக்கிச்சுல்ல? மாப்ள, குறிச்சு வச்சுக்கோ."

சனிக்கிழமை பட்டறையில் ஒரு கேட்டை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்பா வேலைக்குப் போய்விட்டார். ஐந்து மணிக்குள் வரமாட்டார் என்று தெரிந்ததும், மூன்றரை மணிக்கு மகள் வெள்ளைப் போர்வையை மடித்துப் பையில் வைத்தாள். அண்ணன், மாமா, அவள் மூவரும் வேனில் பட்டறைக்குப் போனார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மூவரில் ஒருவர்கூட அதுவரை பட்டறைக்குள் போனதில்லை. சாப்பாட்டுத் தூக்கை வாசலில் நீட்டினால் யாராவது வாங்கிக்கொள்வார்கள். அவ்வளவுதான் பழக்கம். உள்ளே தகரக் கூரை, சுவரோரம் சாத்திய இரும்புப் பட்டைகள், சிவப்புப் பூச்சின் வாடை. பதினான்கு பேர். ஒருவர் அறுத்துக்கொண்டிருந்தார், இருவர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், கிரைண்டர்காரர் ஒரு விளிம்பைத் தேய்த்துப் பொறி பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. நடுவில், கேட்டின் ஒரு முனையில், அப்பா குந்தியிருந்தார்.

இரண்டு பட்டைகளைச் சேர்த்துப் பிடித்தார். முகமூடி தலைக்கு மேல் தூக்கி விடப்பட்டிருந்தது. பட்டைகள் நகராமலிருக்கச் சின்னதாக ஒரு பொட்டுப் பற்றவைப்பதற்கு யாரும் அதை இறக்குவதில்லை. பக்கத்தில் கிடந்த சுத்தியலை எடுத்து இரும்பில் இரண்டு தட்டு தட்டினார். டக், டக்.

பட்டறை நின்றது. கிரைண்டர் மேலே தூக்கப்பட்டது. பெயின்ட் பிரஷ் காற்றில் நின்றது. டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரை உதட்டில் வைத்தபடி நின்றார். எல்லோரும் மூச்சைப் பிடித்து, கண்ணை மூடினார்கள். அப்பாவும் மூடினார். நாயும் மூடியது.

நீல வெளிச்சம் ஒன்று பளீரென்று வெடித்தது.

டக். ஒரே ஒரு தட்டு.

பதினான்கு ஜோடிக் கண்களும் திறந்தன. பிரஷ் இறங்கியது, கிரைண்டர் கத்தியது, டீ தொண்டைக்குள் போனது. நாய் கண்ணைத் திறந்து கொட்டாவி விட்டது.

கண்ணை மூட வேண்டும் என்று தெரியாத மூன்று பேர் மட்டும் வாசலில் பச்சைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு தடுமாறினார்கள்.

"ஐயோ, ஒண்ணுமே தெரியலயே!" என்றான் அண்ணன்.

"என் சென்சார் போச்சுடா! எல்லாரும் லென்ஸ மூடுங்க!" என்று மாமா போனை மார்போடு அணைத்துக்கொண்டார்.

மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே நின்றாள். சுவரில், கூரைக்குக் கொஞ்சம் கீழே, கண்ணாடி போட்ட ஒரு குழுப் படம் மாட்டியிருந்தது. பார்வை தெளிந்ததும் முதலில் தெரிந்தது அதுதான். பதினான்கு பேர் இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். பதினான்கு பேரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

"பட்டறைக்கு முப்பத்தஞ்சு வருசம் ஆனப்ப எடுத்தது," என்றார் கிரைண்டர்காரர், பெருமையாக. "எவ்ளோ நல்லா வந்திருக்கு பாரு."

"எல்லாரும் கண்ண மூடியிருக்கீங்களே?"

அவர் கிட்டே போய், அண்ணாந்து, மூக்கு கண்ணாடியில் இடிக்கும் வரைக்கும் பார்த்தார்.

"அட, ஆமா!" என்றார். "எட்டு வருசமா மாட்டியிருக்கோம்!"

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போட்டோ எடுப்பதும் இதே மாதிரிதான். ஒருவர் எதையோ தூக்கி நேராகப் பிடிக்கிறார். எல்லோரும் பேச்சை நிறுத்தி மூச்சைப் பிடிக்கிறார்கள். வெளிச்சம் வரப்போகிறது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, திறக்கச் சொல்லும் அந்த ஒற்றைத் தட்டுக்காகக் காத்திருக்கிறார். கல்யாணத்தன்று காத்திருந்தார். கடற்கரையில் காத்திருந்தார். பட்டமளிப்பு நாளிலும். வீட்டில் யாரும் தட்டவே இல்லை.

"அப்பா, ஒரே ஒரு நிமிசம் வாங்க!"

மணி நாலு இருபது. பெயின்ட் அடிப்பவர்கள் இருவரும் போர்வையை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிப் பிடித்தார்கள். அப்பா முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டு அதன் முன் நின்றார். கருப்புப் போனும் நீலப் போனும் உயர்ந்தன. பட்டறை மொத்தமும் வேடிக்கை பார்க்கக் கூடி மூச்சைப் பிடித்தது. அப்பாவின் இமை இறங்கியது.

மகள் சுத்தியலை எடுத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கேட்டின் மேல் ஓங்கித் தட்டினாள். சுத்தியல் துள்ளி மறுபடியும் விழுந்தது. டக், டக்.

எல்லோரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள். போர்வை பிடித்தவர்கள் உட்பட. வெளிச்சம் வரவில்லை. யாருக்கும் திறக்கத் தைரியமும் வரவில்லை.

"யாரும்மா அது? தட்டிட்டு சும்மா நிக்கறது?" என்று கண்ணை மூடியபடியே அதட்டினார் கிரைண்டர்காரர். "பத்த வை, இல்ல விடு!"

"மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க." அவள் இரண்டு கையாலும் சுத்தியலைப் பிடித்தாள். "மாமா, அண்ணா, ரெடியா இருங்க." மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு, அளவாக, ஒரே ஒரு தட்டு.

டக்.

அப்பாவின் கண்கள் திறந்தன. எட்டாம் வகுப்புப் பையனின் அதே உருண்டைக் கண்கள். நேராக அவளைத்தான் பார்த்தன, சுத்தியல் அவள் கையில் இருந்ததால். கருப்புப் போனும் நீலப் போனும் ஒரே நேரத்தில் கிளிக் என்றன.

"என்னோடதுல வந்துடுச்சு!"

"என்னோடதுலதான் மொதல்ல வந்துச்சு!"

மகள் இரண்டு படங்களையும் தன்னுடைய பழைய, திரை உடைந்த போனுக்கு வாங்கிக்கொண்டாள். இரண்டு நாளாக அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம் உண்டு. அந்த இணையதளம் ஐம்பது கே.பி.க்கு மேல் எந்தப் படத்தையும் வாங்காது. ஒவ்வொரு முறையும் அவள் படத்தைச் சுருக்கித்தான் ஏற்றிக்கொண்டிருந்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. இருநூறு மெகாபிக்சலும் பெரிய சென்சாரும் குனிந்து, ஒடுங்கி, கை காலை மடக்கி அந்தச் சின்ன வாசலுக்குள் நுழைந்தபோது இரண்டும் அச்சு அசலாக ஒரே படமாக இருந்தன. அவள் ஒன்றைத் தொட்டாள்.

'கண்கள் திறந்துள்ளன. சமர்ப்பிக்கலாம்.'

நாலு ஐம்பத்திரண்டுக்குச் சமர்ப்பித்தாள். பட்டறை கை தட்டியது. அப்பா குந்தப் போனவர், நினைவு வந்தவராக நிமிர்ந்து நின்றார்.

"யாரோடத அனுப்பின?" என்று இருவரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தெரியல மாமா. சத்தியமாத் தெரியல."

"இதுக்கா புள்ளியியல் படிச்ச?"

"மச்சான், நீங்க சொல்லுங்க. தீர்ப்பு நீங்க சொல்றதாத்தானே பேச்சு. எது நல்லது?"

அப்பா இரண்டு போன்களையும் பார்த்தார். பிறகு மகள் கையிலிருந்த சுத்தியலை வாங்கி, பிடியை ஒருமுறை முறுக்கிப் பார்த்தார்.

"இதுதான்," என்றார். "பதினேழு வருசம் ஆச்சு. இன்னும் சார்ஜே போடல."

வேலை கிடைத்தது. பத்து நாள் கழித்து அவர் கிளம்பினார். பஸ் நிலையத்துக்கு எல்லோரும் போனார்கள். பஸ் புறப்படக் கால் மணி நேரம் இருக்கும்போது அம்மா தலையைச் சரி செய்துகொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என் கடன்?"

"அதுக்கென்ன, இப்பவே எடுத்துடலாம்," என்றார் அப்பா.

கருப்பும் நீலமும் உயர்ந்தன. பட்டறையிலிருந்து அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த சுத்தியலை மகள் பையிலிருந்து எடுத்தாள். பஸ் நிலையத்தின் இரும்புத் தூண் பக்கத்திலேயே இருந்தது. இப்போது அவளுக்கு ஒற்றைத் தட்டு நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

"அத உள்ள வைடீ," என்றாள் அம்மா.

"அம்மா, இது இல்லாம..."

"உள்ள வைன்னு சொன்னேன். என்னப் பாக்கறதுக்கும் சுத்தியலா? என் பக்கத்துல நிக்கும்போது தானாத் தொறக்கட்டும்."

"தொறக்கறேன், தொறக்கறேன்," என்றார் அப்பா. புருவத்தை நெற்றியின் மேல் வரைக்கும் ஏற்றி வைத்துக்கொண்டார். "ஒண்ணு, ரெண்டு..." இமை நடுங்கியது. எதிர்த்து நின்றது. மூடியது.

ஏழு முறை எடுத்தார்கள். ஆறாவதில் இடது கண் பாதி திறந்திருந்தது. அம்மா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. "பாதிக்குப் பாதி பேசறதுக்கு நான் என்ன தரகரா?" என்றாள். டிரைவர் ஹாரன் அடித்தார். அப்பா ஏறிக்கொண்டார்.

பஸ் நகர்ந்தபோது ஜன்னலோரத்திலிருந்து அவர் அம்மாவைப் பார்த்தார். இரண்டு கண்ணும் முழுசாக, விரியத் திறந்திருந்தன. திருப்பம் வரும் வரைக்கும் இமைக்கவே இல்லை. அந்த நேரம் கருப்பும் நீலமும் ஏழாவது படம் எதில் தெளிவு என்று ஒன்றோடொன்று ஒட்டி வைத்துப் பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தன. மகள் தன் உடைந்த போனை எடுப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் வருகிறார். குழாய்களுக்கு நடுவே நின்றுகொண்டு, முழங்கால் இப்போதெல்லாம் பேசுவதில்லை என்கிறார். கண் திறந்துதான் இருக்கிறது. மகள் சொல்லிக்கொடுத்தபடி, திரையை அப்படியே படமாகப் பிடிக்கும் இரண்டு பொத்தான்களில் அம்மா சத்தமில்லாமல் விரல் வைப்பாள். பேச்சைப் பாதியில் நிறுத்தி, மூச்சைப் பிடிப்பாள்.

அது எப்படித்தான் அங்கே கேட்கிறதோ. மூடிக்கொள்கிறார்.